கருவிக்கு முன் கயிறு

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா வரும் மாணவர்கள் ராஜகிரியின் படிகளில் மூச்சு வாங்க உட்காரும்போது, பேச்சு எப்படியோ புதையலுக்கு வந்துவிடும். தேசிங்கு ராஜன் ஆண்ட கோட்டையாயிற்றே, மண்ணுக்கடியில் ஒன்றும் இராமலா போகும் என்பார் ஒருவர். மெட்டல் டிடெக்டர் ஒன்று மட்டும் கையில் இருந்தால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்பார் இன்னொருவர். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கூற்றுடன் எனக்கு வழக்கு உண்டு. தேடலில் கருவி இரண்டாவது இடத்தில்தான் நிற்கிறது. முதலிடம் நான்கு முளைக்குச்சிக்கும் ஒரு கயிற்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் உரியது. ஏன் என்று சொல்கிறேன். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் பொறுப்பு.

முதலில் கருவியைப் பார்ப்போம். மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காட்டியின் அடியில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் பரவுகிறது. அங்கே உலோகத்துண்டு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சுழல் மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. ஆனால் இந்தப் புலம் தூரம் கூடக்கூட மிக விரைவாக வலுவிழந்துவிடும். ஆகவே சிறு நாணயம் ஒன்றை உணர வேண்டுமானால், சுருள் ஏறக்குறைய அதன் நேர் மேலாகவே செல்ல வேண்டும். ஒரு முழம் தள்ளிச் சென்றால் கருவி ஊமையாகிவிடும்.

அப்படியானால் மனம் போனபடி நடந்து தேடுகிறவர் எவ்வளவு நிலத்தைத் தவறவிடுவார்? இதற்கு விடை காண மைதானம்கூட வேண்டாம். 100 சீட்டுகளில் 1 முதல் 100 வரை எண்களை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் டப்பாவிலேயே போட்டுக் குலுக்குங்கள். இப்படி 100 முறை செய்யுங்கள். எல்லா எண்களும் வந்திருக்குமா? இராது. ஏறக்குறைய 37 எண்கள் ஒருமுறைகூட வந்திருக்கமாட்டா. காரணம் எளிது. ஒரு குறிப்பிட்ட எண் ஒருமுறை வராமலிருக்கும் வாய்ப்பு 0.99. அதை 100 முறை பெருக்கினால் 0.37 அளவில் வரும். 200 முறை எடுத்தாலும் சுமார் 13 எண்களும், 300 முறை எடுத்தாலும் சுமார் 5 எண்களும் எஞ்சிவிடும்.

சீட்டுக்குப் பதிலாக 100 சதுரங்கள் கொண்ட நிலத்தை எண்ணிப் பாருங்கள். மனம் போனபடி தேடுகிறவர் மும்மடங்கு உழைத்த பின்னும் 5 சதுரங்களைத் தொடாமலே வீடு திரும்புவார். அவை எந்த 5 என்றும் அவருக்குத் தெரியாது. கயிறு கட்டி வரிசையாகத் தேடியவரோ ஒரு மடங்கு உழைப்பிலேயே 100 சதுரங்களையும் பார்த்திருப்பார். இருவர் கையிலும் இருந்தது ஒரே கருவிதான்.

கருவி சிறந்ததாக இருந்தும் தேடும் இடத்தைத் தவறாக வரையறுத்ததால் தோற்றுப்போன தேடல் ஒன்று வரலாற்றில் உண்டு. 1881 ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், தூண்டல் முறையில் இயங்கும் உலோகங்காட்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டு ஓடி வந்தார். படுக்கையிலிருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. அது ஒரு காரணம். மற்றொன்று, தலைமை மருத்துவர் பிளிஸ் குண்டு வலப்புறத்தில்தான் இருக்கிறது என்று நம்பியதால், தேடலும் வலப்புறத்தோடு நின்றுவிட்டது. செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்ட் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது. முன்முடிவோடு எல்லையைக் குறுக்கிக்கொண்டால் எவ்வளவு நல்ல கருவியும் உதவாது.

கட்டமிட்டுத் தேடியதால் வந்த பயனுக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1876-இல் போர் நடந்தது. 1983-இல் ஒரு தீயில் அங்கிருந்த புல் எரிந்துபோக, 1984-இலும் 1985-இலும் தொல்லியலாளர்கள் உலோகங்காட்டிகளுடன் களத்தில் இறங்கினார்கள். தன்னார்வலர்கள் சம இடைவெளி விட்டு வரிசையாக நடந்தார்கள். ஒலி கேட்ட இடத்தில் சிறு கொடி நட்டார்கள். ஒவ்வொரு குண்டும் தோட்டாக்கூடும் கிடந்த இடம் அளந்து பதியப்பட்டது. ஒரே துப்பாக்கியில் சுடப்பட்ட தோட்டாக்கூடுகளில் ஒரே மாதிரியான அடையாளம் இருக்கும் அல்லவா? அதைக் கொண்டு, துப்பாக்கிகள் களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தன என்று வரைபடத்தில் காட்ட முடிந்தது. ஆளுக்கு ஒரு குண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தால், கிடைத்திருப்பது ஒரு கூடை ஈயம் மட்டுமே.

இனி நம் செஞ்சிக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் இணைத்த கோட்டை இது. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். இத்தனை போர் கண்ட மண்ணில் ஓர் இரும்புக் குண்டு கிடந்தால் அதன் விலை பழைய இரும்புக் கடையில் சில ரூபாய்தான். ஆனால் எந்த மதிலுக்கு எவ்வளவு தூரத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற குறிப்பு இருந்தால், பீரங்கி எங்கே நின்றது என்று கேட்கத் தொடங்கலாம். இரவோடிரவாகக் குழி தோண்டுகிறவர் பொருளை எடுத்துக்கொண்டு அந்தக் குறிப்பை அழித்துவிடுகிறார். அழித்ததை எந்த அறிஞராலும் மீட்க முடியாது.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து அகழும் முறையால் பெயர் பெற்றவர். அங்கே காலம் தெரிந்த ரோமானிய மட்கலங்கள் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்று குறித்துவைத்ததால்தான், அதே அடுக்கில் கிடந்த நம் நாட்டு மட்கலங்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. இடம் தெரியாத ஓடு வெறும் ஓடுதான்.

எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். உலோகங்காட்டியுடன் கோட்டைக்குள் போகாதீர்கள். இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எங்கே கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 2025 ஜூலையில் செஞ்சி உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. நம் பொறுப்பும் அதனால் கூடியிருக்கிறது.

"கயிறு கட்டி வரிசையாக நடப்பதில் என்ன சுவை? ஒன்றும் கிடைக்காத கட்டங்கள்தானே அதிகம்?" என்று நீங்கள் கேட்கலாம். இலங்கையின் வடபகுதியை நினைத்துப் பாருங்கள். போர் 2009-இல் முடிந்தது. கண்ணிவெடிகள் மண்ணிலேயே தங்கிவிட்டன. முகமாலை போன்ற இடங்களில் வெடியகற்றும் பணியாளர்கள், அவர்களில் நம் மொழி பேசும் பெண்கள் பலர், முளைக்குச்சி நட்டுக் குறுகிய பாதைகளாகப் பிரித்து, சாண் சாணாக நிலத்தைச் சோதித்து முன்னேறினார்கள். அவர்கள் உழவருக்குத் திருப்பித் தருவது "இங்கே வெடி இல்லை" என்ற உறுதியை. அந்த "இல்லை"யை நம்பித்தான் குழந்தை வயலில் கால் வைக்கிறது. நம் சீட்டு விளையாட்டில் எஞ்சிய 5 சதுரங்களை அங்கே எண்ணிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காத கட்டமும் ஒரு முடிவுதான். அதை எழுதி வைக்க வேண்டும்.

"கைப்பேசியில் ஜி.பி.எஸ். இருக்க, கயிறு எதற்கு?" என்றும் கேட்கலாம். சாதாரணக் கைப்பேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். 1 மீட்டர் அகலப் பாதைக்கு அது உதவாது.

பள்ளி மைதானத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். 3, 4, 5 மீட்டர்ப் பக்கங்கள் உள்ள கயிற்று முக்கோணத்தால் செங்கோணம் எடுத்து, 10 மீட்டர்ச் சதுரம் ஒன்று அமையுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 14.14 மீட்டர் இருந்தால் சதுரம் சரி. கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு முளைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டால், அடுத்த ஆண்டும் அதே சதுரத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆசிரியர் 20 இரும்பு வாஷர்களை மணலில் மேலாக மறைத்து வைக்கட்டும். உலோகங்காட்டி இல்லையென்றால் குச்சியில் கட்டிய காந்தம் போதும். ஒரு குழு விருப்பம் போல் தேடட்டும். கிடைத்தவற்றை அந்தந்த இடத்திலேயே மறைத்த பிறகு, மற்றொரு குழு 1 மீட்டர் பாதைகளாகக் கயிறு கட்டித் தேடட்டும். இரு குழுவுக்கும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். தேடி முடிந்ததும் எஞ்சிய வாஷர்களை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வகுப்பினர் வெறுங்காலுடன் விளையாட வருவார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை கிடைத்தன, எத்தனை தவறின என்று இதழுக்கு எழுதுங்கள். என் கருத்துக்கு மாறான முடிவு வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.