‘இன்ஜெக்டர் போயிடுச்சு’ன்னு சொன்னா உடனே மாத்தணுமா? பழைய வேன்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்!

திண்டிவனத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு விழுப்புரம் கிளம்புகிறது ஒரு பழைய ஓம்னி. கூட்டேரிப்பட்டு வரை ஒழுங்காக ஓடிய வண்டி, அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுக்க மாட்டேன் என்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்ததுமே தீர்ப்பு வந்துவிடுகிறது: “இன்ஜெக்டர் போயிடுச்சுண்ணே, செட்டா மாத்திடலாம்.”

மாற்றிய பிறகும் அதே திணறல் என்றால்? பார்ட்ஸ் காசோடு, வண்டி ஓடாத நாளின் வருமானமும் போச்சு. சோதிக்காமலேயே பார்ட்ஸ் மாற்றும் இந்தப் பழக்கம்தான் உண்மையான கோளாறு.

எப்போது திணறுகிறது?

ஓம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. அதன் 796 சிசி இன்ஜினில் இருப்பது மூன்று சிலிண்டர்கள். எம்பிஎஃப்ஐ மாடலில் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்.

நிற்கும்போது நடுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். லோடு ஏறி வேகம் எடுக்கும்போது மட்டும் இழுவை குறைந்தால், முதல் சந்தேகம் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் மேல்தான் வர வேண்டும். மூன்று இன்ஜெக்டர்களும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம்.

காசு குறைவான சோதனை முதலில்

சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் பம்ப் சத்தம் ஓரிரு விநாடி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே, வயரிங் பார்க்கணும். சத்தம் கேட்டாலே பம்ப் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. கேஜ் வைத்து பிரஷர் அளக்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகும் பெட்ரோல் லைனில் அழுத்தம் இருக்கும் என்பதால், அதை மெக்கானிக்தான் கழற்ற வேண்டும்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். எதைக் கழற்றினாலும் சத்தம் மாற வேண்டும். மாறாத சிலிண்டரில்தான் சிக்கல். அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர். மாறாவிட்டால் பிளக், வயரிங் அல்லது கம்ப்ரஷன்.

கேஸ் கிட் உள்ள வேனில் இன்னும் ஈஸி. கேஸில் நன்றாக ஓடி, பெட்ரோலில் மட்டும் திணறினால் கோளாறு பெட்ரோல் பக்கம். இரண்டிலும் திணறினால் இன்ஜெக்டரைக் கைகாட்டுவதில் அர்த்தமில்லை.

ஸ்கேனர் போதாதா?

போனில் ஆப் வைத்து ப்ளூடூத் ஸ்கேனர் செருகினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். பிஎஸ்-4 விதி சென்னை போன்ற பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலேயே வந்தாலும், நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பல வேன்களில் அந்த ஸ்கேனர் வேலை செய்யாமல் போகலாம்.

வேலை செய்தாலும் அது தீர்ப்பு சொல்லாது. ‘பி0171’ என்ற கோடு, காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் குறைவு என்று மட்டுமே காட்டும். காரணம் அடைத்த ஃபில்டராகவும் இருக்கலாம், வெடித்த வேக்யூம் ஹோஸாகவும் இருக்கலாம்.

சோதனைக்கும் கூலி உண்டு

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு மணி நேரம் சோதித்து, “ஃபில்டர்தான்ணே” என்று சொல்பவருக்குக் கூலி கொடுக்க, “சும்மா பார்த்ததுக்கா?” என்று தயங்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். பார்ட்ஸ் விற்றால்தான் காசு என்ற நிலையில், பார்ட்ஸ் மாற்றச் சொல்வதுதானே நடக்கும்?

சோதனைக்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம். பதிலுக்கு, “பிரஷர் எவ்வளவு காட்டுச்சு? எந்த சிலிண்டர்?” என்று கேட்கலாம். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத வரை, புது இன்ஜெக்டர் டப்பாவைப் பிரிக்க விட வேண்டாம்.