கருவிக்கு மட்டும்தானா காசு?

உங்கள் செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறது. ‘இந்த இளைஞருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. மற்றவர்களோடு பேச ஒரு கருவி வேண்டும். விலை ஒரு லட்சத்துக்கு மேல். உதவுங்கள்!’ நீங்களும் ‘ஐயோ பாவம்’ என்று ஐந்நூறோ ஆயிரமோ அனுப்புகிறீர்கள். மனசு லேசாகிறது. அத்தோடு மறந்தும் போகிறீர்கள்.

கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டீர்களா? ‘இந்தக் கருவியை அவருக்கு யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?’

ஏன் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் இப்படி நிதி திரட்டுவது ‘பிரெயில் டிஸ்ப்ளே’ என்ற கருவிக்காகத்தான். பார்க்க ஒரு சின்னப் பலகை மாதிரி இருக்கும். அதில் வரிசையாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். செல்போனோடு இணைத்துவிட்டால், நாம் அனுப்பும் செய்தி புள்ளிகளாக மேலே எழும்பும். அவர் விரலால் தடவிப் படிப்பார். அதிலேயே இருக்கும் சாவிகளைத் தட்டிப் பதில் எழுதுவார். ‘அம்மா, சாப்பிட்டியா?’ என்று வெளியூரிலிருந்து கேட்கும் பிள்ளைக்கு, ‘ஆச்சுப்பா’ என்று பதில் வரும். சாதாரண விஷயமா இது! ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டியிருப்பதால்தான் இத்தனை விலை.

ஆனால் அவருக்கு பிரெயில் எழுத்தே தெரியாவிட்டால்? அது வெறும் பலகைதான். பீரோவுக்குள் போய்விடும். பிரெயில் தெரிந்தவருக்குக்கூட போனோடு இணைக்க, செய்தியைத் தேட, பதில் அனுப்ப என்று பல வாரப் பயிற்சி வேண்டும். காதால் கேட்டுக் கற்க வழியில்லை, பார்த்துக் கற்கவும் வழியில்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நிதி கேட்கும் கடிதங்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இருப்பதே இல்லை.

ஹெலன் கெல்லரை எல்லோருக்கும் தெரியும். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயில் பார்வையையும் செவியையும் இழந்தவர். அவருடைய படிப்புக்கும் நிதி திரட்டினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1896-ல் எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், தன் பணக்கார நண்பர் ரோஜர்ஸின் மனைவிக்குக் கடிதம் எழுதி, இந்தப் பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று கேட்டார். ரோஜர்ஸும் செலவை ஏற்றுக்கொண்டார். கல்லூரி வகுப்பில் ஆசிரியை ஆன் சல்லிவன் பக்கத்திலேயே இருந்து, பாடம் முழுவதையும் ஹெலனின் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாகச் சொன்னார். 1904-ல் ஹெலன் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் இந்தக் கருவியெல்லாம் ஏது? ஒரு மனுஷி கூட இருந்தாள், அதுதான் விஷயம்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த ஒரு சட்டம், இவர்களில் வருமானம் குறைந்தவர்களுக்குத் தகவல்தொடர்புக் கருவிகள் கொடுக்க ஆண்டுக்கு 1 கோடி டாலர் வரை செலவிட வழி செய்தது. அதில் கருவியின் விலையோடு, யாருக்கு எது பொருந்தும் என்று பரிசோதிப்பது, பொருத்துவது, பயிற்சி தருவது எல்லாமே அடக்கம். நாமும் அப்படித்தானே கணக்குப் போட வேண்டும்?

எனவே, அடுத்த முறை பணம் கேட்டு யாராவது வந்தால் நான்கு விஷயங்களை விசாரியுங்கள்.

கருவியைப் பயன்படுத்தப்போகிறவர் அதைத் தொட்டுப் பார்த்தாரா, அவருக்குப் பிடித்ததா? இப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வையோ, கொஞ்சம் செவியோ மிச்சம் இருக்கும். அவர்களுக்குப் பெரிய எழுத்துத் திரையோ, நல்ல காது மெஷினோ போதுமானதாக இருக்கலாம்.

பயிற்சிக்கும் ரிப்பேருக்கும் தொகை சேர்த்திருக்கிறார்களா? பணம் நேராகக் கருவி விற்பவருக்குப் போகிறதா, ரசீது உண்டா? அரசு உதவிக்கு மனுப் போட்டாயிற்றா? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இரட்டைப் பாதிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டு, குறைகிற தொகைக்கு நம்மிடம் வரட்டும்.

நிதி திரட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அழுகிற முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். அவருக்குப் பார்க்க முடியாது என்பதால் அவரைக் கேட்காமலே படத்தை ஊரெல்லாம் அனுப்பலாமா? அவரிடம் அனுமதி வாங்குங்கள். அவர் என்ன படிக்க ஆசைப்படுகிறார், யாரோடு பேச ஆசைப்படுகிறார் என்று எழுதுங்கள். ஜனங்கள் அதற்கும் கொடுப்பார்கள்.

பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு எழுத்து தெரியுமா என்று வீட்டாரிடம் கேளுங்கள். தெரிந்தால், முதலில் தோளை மெதுவாகத் தொட்டு நிற்பதைத் தெரிவியுங்கள். பிறகு அவர் உள்ளங்கையில் உங்கள் விரலால் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதுங்கள். கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்றும் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் நீங்கள் போய்விட்டால், நீங்கள் இன்னும் இருப்பதாக நினைத்துப் பாவம் அவர் காத்திருப்பார்.

கருவி வரும்வரை மட்டுமில்லை, வந்த பிறகும் இது வேண்டும். எத்தனை லட்சத்துக்குக் கருவி வாங்கிக் கொடுத்தாலும், அந்தப் பக்கம் செய்தி அனுப்ப ஒரு ஆள் இல்லாவிட்டால் புள்ளிகள் எப்படி எழும்பும்? அந்த ஆளாக நீங்கள் இருங்களேன்!