இணையக் கட்டமைப்புச் செலவு, இணையச் சமநிலை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
நுகர்வோர் சங்கத்தினர், நோணாங்குப்பம், அரியாங்குப்பம் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள், தொலைத்தொடர்புத் துறை, இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: செயலி, காணொளி நிறுவனங்களிடம் வலையமைப்புக் கட்டணம் வசூலிக்க அனுமதிக்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வலையமைப்பில் பெரும் போக்குவரத்தை உண்டாக்கும் காணொளி, செயலி நிறுவனங்களும் கட்டமைப்புச் செலவில் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. இதை ஏற்கலாகாது. எந்தக் காணொளியும் சந்தாதாரர் கேட்டால்தான் அவர் கைப்பேசிக்கு வருகிறது. அதற்கான பணத்தை அவர் ரீசார்ஜ் செய்யும்போதே கட்டிவிடுகிறார். மறுமுனையிலும் கட்டணம் கேட்பது ஒரே சரக்குக்கு இரண்டு முறை சுங்கம் வாங்குவதாகும். தென்கொரியாவில் போக்குவரத்தை அனுப்பும் வலையமைப்பே பணம் தர வேண்டும் என்ற விதி 2016இல் வந்தது. அங்குள்ள வலையமைப்புக் கட்டணம் பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி, அமேசானுக்குச் சொந்தமான ட்விட்ச் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அந்நாட்டில் சேவையை நிறுத்தியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கட்டுப்படியாகாத சுமையைப் புதுச்சேரியில் புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் எப்படித் தாங்குவார்? பணம் தந்தவருக்கு வேகம், தராதவருக்குத் தாமதம் என்ற நிலைக்கும் இது வழிவிடும். தளத்துக்கேற்ப டேட்டா கட்டணத்தை மாற்றக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2016 பிப்ரவரி 8 அன்று விதித்த தடையும், 2018இல் தங்கள் துறை ஏற்ற இணையச் சமநிலைக் கொள்கையும் அப்போது பொருளிழக்கும்.

அப்படியானால் வருமானம் குறைந்த ஊர்களுக்கு யார் கேபிள் இழுப்பது என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான், அதற்கான விடையை அரசே முன்னர் வகுத்துவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு, 2002 முதல் பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதிக்கு ஒதுக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயரிட்டது. அந்த வருவாய் சந்தாதாரர்கள் கட்டிய பணமே. பல ஆண்டுகள் அதில் பெருந்தொகை செலவாகாமல் நின்றது. ஆகவே குறை பணத்தில் இல்லை, செலவிடும் முறையில்தான். பெருநிறுவனங்கள் லாபம் ஈட்டிவிட்டுத் தப்பிவிடலாமா என்றால், தப்பக் கூடாது. அவற்றிடம் வரி வாங்குவது அரசின் உரிமை, அது கருவூலத்துக்கு வரட்டும். வழித்தடத்தை வைத்திருப்பவர் கையில் வசூல் உரிமையைத் தந்தால், யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அவரிடமே போய்ச் சேரும்.

எனவே நாங்கள் கோருவன:

1. வலையமைப்புக் கட்டணத்தை எந்தப் பெயரிலும் அனுமதிக்கக் கூடாது.
2. அந்தப் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வரும் அங்கீகார விதிகளில் இணையச் சமநிலையைக் கட்டாய நிபந்தனையாக வைக்க வேண்டும்.
3. டிஜிட்டல் பாரத் நிதியின் வரவு செலவைக் கொம்யூன் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.
4. அந்நிதியில் போடப்படும் கண்ணாடி இழைக் கேபிளை எல்லாச் சேவையாளர்களும் ஒரே வாடகையில் பயன்படுத்த வழி செய்ய வேண்டும்.

மக்கள் பணத்தில் விரிந்த வலையமைப்பு எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்க, தாங்கள் இக்கோரிக்கைகளை ஏற்று ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
இடம்: நோணாங்குப்பம்