வைஃபைக்கு 200 ரூபாய் என்றால் பகல் கொள்ளையா?



இன்று காலை மண்டூருக்குப் படிப்பிக்க வரும்போது, குறுமண்வெளியில் பாதைக்காக நின்ற நேரம் ஒரு பதிவு கண்ணில் பட்டது. நம்ம பக்கத்து ஆள் ஒருவர் குடும்பத்தோடு அறுகம்பே போயிருக்கிறார். தங்கின சின்ன கெஸ்ட் ஹவுஸில் வைஃபைக்கு நாளுக்கு 200 ரூபாய் கேட்டார்களாம். "பகல் கொள்ளை" என்று எழுதி ஒரேயொரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். கீழே ஆமாம் போட ஒரு கூட்டம். (இரவு சாப்பிட்ட இறாலுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று மட்டும் எழுதவில்லை.)

ரௌட்டர் வாங்கினது அந்த மனிசன். மாசாமாசம் பில் கட்டுறதும் அவர்தான். 2019 குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா, அடுத்து 2022இல் பெற்றோல் வரிசை என்று அடிமேல் அடி வாங்கின தொழில் அது. "வைஃபை இலவசம்" என்று பலகை போட்ட பெரிய ஹோட்டல் மட்டும் சும்மாவா தருகிறது? அறை வாடகைக்குள் ஏற்றிவிட்டது. போனே தொடாத உம்மாவும் அதற்குக் காசு கட்டுகிறார். அதை யாரும் கேட்பதில்லை.

கொள்ளை எதுவென்று தெரிய வேண்டுமா? அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் மரியட் நடத்திய ஹோட்டலொன்றில், மாநாட்டு மண்டபத்துக்கு வந்தவர்களின் சொந்த ஹொட்ஸ்பொட்டை வேலை செய்யவிடாமல் தடுத்தார்கள். தங்கள் வைஃபைக்கு ஒரு கருவிக்கு 250 முதல் 1000 டொலர் வரை வாங்கினார்கள். 2014இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 6 இலட்சம் டொலர் தண்டம் அறவிட்டது. அங்கே விருந்தினருக்கு வேறு வழியே இல்லை. உங்களுக்கு கையில் டேட்டா இருந்தது, வேண்டாம் என்றிருக்கலாம்.

ஹோட்டல்காரருக்கும் ஒன்று. அறை கேட்கும்போதே விலையைச் சொல்லுங்கள். போகிற நேரம் பில்லில் சொருகாதீர்கள். விலையை மறைத்து விற்க நம்ம மார்க்கத்திலும் இடமில்லை. வட்ஸ்அப் படமே திறக்காத லைனுக்குக் காசு கேட்கவும் கூடாது.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடினபோது, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வயல் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் ரீலோட் போட்டார்கள். சில நாள் பாடம் பாதியில் நின்றுபோகும், டேட்டா முடிந்திருக்கும். அப்போது கொள்ளை என்று ஒரு பதிவுகூட நான் காணவில்லை. சுற்றுலா போனவருக்குத்தான் இன்டர்நெட் கிணற்றுத் தண்ணி மாதிரி சும்மா கிடைக்க வேண்டியிருக்கிறது.

சகோதரரே, அந்த ஒற்றை நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். அறை இவ்வளவு, வைஃபை 200, முன்கூட்டிச் சொன்னார்கள் அல்லது சொல்லவில்லை என்று உள்ளதை எழுதுங்கள். போகிறவர்கள் பார்த்து முடிவெடுக்கட்டும்.