விருந்துச் செலவில் நமது பங்கு

ஒரு கம்பனி தனது வருமானத்திலிருந்து எந்தச் செலவைக் கழிக்கலாம் என்பது கணக்காளர்களுக்கு மட்டும் உரிய விவகாரமன்று. இலங்கையில் கம்பனிகளுக்கான பொது வரி வீதம் 2022 ஒக்டோபரில் 24 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆகவே, இலாபமீட்டும் கம்பனி கழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் அரசு 30 ரூபாவை இழக்கிறது. அந்தக் குறையை நிரப்புவோர், 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரியைச் செலுத்தும் பொதுமக்களே.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவே கழிக்கத்தக்கது. ஊழியர் சம்பளமும் கடை வாடகையும் அதில் அடங்கும். விருந்துபசாரச் செலவு அடங்காது. சட்டத்தை மீறியதற்காக அரசுக்குச் செலுத்தும் தண்டப்பணமும் அடங்காது. அதனைக் கழிக்க அனுமதித்தால், தவறிழைத்தவரின் தண்டத்தில் 30 சதவீதத்தை நாமல்லவா சுமக்க நேரிடும்!

விருந்தின்றி வியாபாரம் நடவாது எனச் சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால், பஸ்ஸில் வேலைக்குச் செல்லும் ஊழியர் அந்தக் கட்டணத்தைத் தமது சம்பளத்திலிருந்து கழித்துவிட்டு வரி கணிக்க முடியாது. பயணமின்றி அவருக்குச் சம்பளமும் இல்லை. அவருக்கு இல்லாத சலுகை நட்சத்திர ஹோட்டல் விருந்துக்கு எதற்கு?

ஆயினும், சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. 'விருந்து' என்பதைச் 'சந்தைப்படுத்தல்' எனக் கணக்கேட்டில் பதிவது கடினமானதன்று. இறைவரி அதிகாரிகள் தலைப்பைக் கண்டு திருப்தியடையாது, பற்றுச்சீட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு.