சரபோஜிக்கு எந்த கோச்சிங் சென்டர்?

பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு புனே தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடும். "எந்த இன்டகிரேட்டட் நல்லா இருக்கு?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். மகாராஷ்டிராவில் பதினொன்றும் பன்னிரண்டும் ஜூனியர் காலேஜ். இன்டகிரேட்டட் என்றால் பெயர் காலேஜில், பிள்ளை கோச்சிங் சென்டரில். இரண்டு இடத்துக்கும் பணம் கட்டுவோம். காலேஜ் கட்டடத்தைப் பிள்ளை நிதானமாகப் பார்ப்பதே பிராக்டிகல் பரீட்சை அன்றைக்குத்தான். இந்தக் கூத்தைத் தடுக்க மாநில அரசு 2018-ல் சயன்ஸ் பிரிவுக்கு விரல்ரேகை வருகைப்பதிவைக் கட்டாயமாக்கியது. கூத்து நின்றதா என்று வாகட், ஹிஞ்சவடி பக்கம் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு எரிச்சல் வருவது கோச்சிங் சென்டர் மீது அல்ல. அவன் வியாபாரி, விற்கிறான். எரிச்சல் நம் மேல்தான். ஏனென்றால் இதே நாம், இரண்டே வருஷத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு "ஆஹா, என்னமா சொல்லியிருக்கான்" என்று உருகுகிறோம். அக்கா மகனுக்காக நானும் போன மாதம் புரட்டினேன். அமெரிக்காவில் லுத்தரன் சபை சார்ந்த பல்கலைக்கழகங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: நாங்கள் பட்டதாரியை அல்ல, முழு மாணவனை உருவாக்குகிறோம், அறிவு, உடல், மனசாட்சி எல்லாம் சேர்த்து. அக்கா சிலிர்த்துப் போய்விட்டாள். அவள் மகன் எட்டாம் வகுப்போடு மிருதங்கத்தைப் பரண்மேல் ஏற்றியவன். ஏற்றச் சொன்னது அக்காதான்.

இந்த "முழு மாணவன்" விஷயம் எங்கிருந்து வந்தது? நான் லுத்தரன் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. ஆனால் ஆளைப் பாராட்ட மதம் மாற வேண்டியதில்லையே. 1524-ல் மார்ட்டின் லுத்தர் ஜெர்மன் நகர சபைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஊர்ப் பணத்தில் பள்ளி நடத்துங்கள், பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்றார். எனக்குப் பிள்ளைகள் இருந்தால் மொழியும் வரலாறும் மட்டுமல்ல, பாட்டும் இசையும் முழுக் கணக்கும் சேர்த்துப் படிக்க வைப்பேன் என்றார். (அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அறிவுரை சொல்ல அது என்றைக்குத் தடையாக இருந்தது? :-)) ஆண் பிள்ளைக்குப் பள்ளியில் ஒன்றிரண்டு மணி நேரம் போதும், மிச்ச நேரம் வீட்டில் வேலை கற்கட்டும் என்பதும் அதே கடிதத்தில் உண்டு. தொழிலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்கு "அழைப்பு" என்ற பொருளும் ஏறியது அவரால்தான். பாதிரியார் செய்வது மட்டும் புனிதமில்லை, செருப்பு தைப்பவர் செய்வதும் அழைப்புதான் என்பது அவர் வாதம்.

நல்ல மூலதனம். அதை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இந்தியானாவில் வால்பரைசோ பல்கலைக்கழகம் இருக்கிறது. 1925 முதல் லுத்தரன்கள் கையில். 2023-ல், முதலாண்டு மாணவர் விடுதியைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று, தன் அருங்காட்சியகத்திலிருந்த ஜார்ஜியா ஓகீஃப் ஓவியம் உட்பட மூன்று ஓவியங்களை விற்கப்போவதாக அறிவித்தது. பேராசிரியர்கள் கொதித்தார்கள், விஷயம் கோர்ட்டுக்குப் போனது. ஓவியத்தை விற்றுக் கட்டில் வாங்கினால் அது எத்தனை சதவீதம் முழு மாணவன்? மாணவர் சேர்க்கை குறைந்தால் நிர்வாகம் திண்டாடும் என்பது புரிகிறது. ஆனால் பணமுடை வரும்போது முதலில் எதை விற்கிறோமோ, அதை நாம் ஒருநாளும் கல்வியாக நினைத்ததில்லை என்று அர்த்தம். நம் வீட்டு மிருதங்கத்துக்கும் இதே கணக்குதான்.

சரி, இதைப் பேச அமெரிக்கா வரை போக வேண்டாம். நம்ம தஞ்சாவூருக்கே வாருங்கள்.

1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். மறுவருஷமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி. 1708-ல் தான் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 119 தலைப்புகளோடு ஒரு பட்டியல் எழுதினார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவர், முதலில் தான் படித்தார். அந்த வழியில் 1750-ல் வந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். அவர் பொறுப்பில் வளர்ந்த இரண்டு பையன்களைப் பாருங்கள்.

ஒருவர் திருநெல்வேலியிலிருந்து அவர் கூட்டி வந்த வேதநாயகம். தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் படித்தார். பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் என்று பெயர் பெற்றார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் புது வானியல் வருகிறது. குறத்தி பாட்டில் கோப்பர்நிக்கஸ்! சயன்ஸ் ஒரு பெட்டி, தமிழ் ஒரு பெட்டி, பாட்டு ஒரு பெட்டி என்று பிரித்து வைத்திருந்தால் இது நடக்குமா?

இன்னொருவர் இரண்டாம் சரபோஜி. புனேக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளலாம்: சிவாஜி மகாராஜின் தம்பி வெங்கோஜி தஞ்சையில் தொடங்கிய போன்ஸ்லே வம்சத்துக்குத் தத்துப்பிள்ளை. சித்தப்பா அமர்சிங் அரண்மனையில் பையனைப் படிக்க விடாமல் அடைத்து வைத்தபோது, கம்பெனியிடம் மோதி வெளியே கொண்டுவந்து சென்னையில் படிக்க ஏற்பாடு செய்தவர் சுவார்ட்ஸ். 1798-ல் அரியணை ஏறிய சரபோஜி என்ன செய்தார்? சரஸ்வதி மகாலில் சுவடிகளைக் குவித்தார், அச்சகம் வைத்தார், தன்வந்தரி மகாலில் மருத்துவ ஆராய்ச்சி நடத்தினார். மதம் மாறவில்லை. ஆனால் குருவின் நினைவாக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்து வாங்கினார். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் சர்ச்சில் இன்றும் இருக்கிறது. சாகக் கிடக்கும் கிழவரின் பக்கத்தில் மாணவன் நிற்கும் காட்சி.

அந்தச் சிற்பம்தான் என் வாதம். முழு மாணவன் என்பது கூட்டல் கணக்கு இல்லை. ஐஐடி கோச்சிங் + சனிக்கிழமை கீபோர்டு + ஞாயிறு அபாகஸ் = முழு மாணவன் என்று போட்டால் விடை தப்பு. பையனை முழுசாகத் தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். அவன் மார்க்கைத் தாண்டி அவனுக்காகச் சண்டை போடும் ஆசிரியர். ஒரு ஹாலில் நூற்றுக்கணக்கில் உட்காரவைத்து, வாராந்திர டெஸ்ட் ரேங்க்கில் வரிசைப்படுத்தும் இடத்தில் அப்படி ஒருவர் எப்படிக் கிடைப்பார்?

எல்லாம் பொற்காலம் என்று கதை விடவில்லை. சர்ச்சில் சாதிப்படி தனித்தனியே உட்காரும் வழக்கத்தைப் புதிய மிஷனரிகள் எதிர்த்தபோது, அந்த வழக்கத்துக்காக வாதாடி எழுதியவர் இதே வேதநாயகம் சாஸ்திரியார். வானியல் தெரிந்த கவிஞருக்குப் பக்கத்து இருக்கை கசந்தது. பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தராத கல்வி முழுமையில்லை. அந்தப் பாடத்தை இந்த ஊர்தான் நடத்தியது. ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் படித்த ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848-ல் புத்வார் பேட்டில் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். தகடூசேட் கணபதிக்கு எதிரே. நாம் தரிசனம் முடித்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடும் இடம்.

"நீ பேசுவாய். மார்க் இல்லாமல் சோறு வருமா? நாம் மார்க்கைப் பிடித்துத்தானே ஊரை விட்டு வந்தோம்?" என்பீர்கள். நியாயம். சொத்து இல்லாதவனுக்கு மார்க்தான் சொத்து. மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மாலையில் டியூஷனுக்குப் போகட்டும். பகலை விற்காதீர்கள் என்கிறேன். 16, 17 வயதில்தான் பிள்ளை லேபில் கையைச் சுட்டுக்கொள்ளும், லைப்ரரியில் வேண்டாத புத்தகத்தை எடுக்கும், வேறு சாதி, வேறு மொழி, வேறு வசதியுள்ள பையனோடு பெஞ்சைப் பங்குபோடும். அந்த இரண்டு வருஷத்தை வெட்டி எடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து லட்சக்கணக்கில் கடன் வாங்கி "முழுமை"யை இந்தியானாவில் வாங்கப் போவது என்ன புத்திசாலித்தனம்?

பொறையாரில் லுத்தரன் கல்லூரி ஒன்று இருக்கிறது, த.பே.மா.லு. கல்லூரி. சீகன்பால்க் இறங்கிய கடற்கரைக்குப் பக்கம்தான். நம் குழுவில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்து நான் பார்த்ததில்லை. பெயரில் டாலர் வாசம் இல்லை போலிருக்கிறது.

இந்த வருஷம் அட்மிஷனுக்கு அலைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவுன்சலரிடம் கட்-ஆஃப் கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். தினமும் வகுப்பு நடக்குமா? லேப், லைப்ரரி, மைதானத்தை என் பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் தொடும்? என் பிள்ளை பெயரை, ரேங்க் பார்க்காமல், எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? பதில் வராத இடத்தில் செக் எழுதாதீர்கள்.

திட்டுபவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம். அதற்கு முன்னால் பரண்மேல் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.