பிடுங்கி வைத்தது போதும், பீரோவைத் திறங்கள்!

மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி தன் மனக்குறையைக் கொட்டியிருந்தார். காலேஜில் படிக்கும் மகள் எந்நேரமும் ரத்தக் காட்டேரி காதல் கதையும் கையுமாகவே இருக்கிறாளாம். புத்தகத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், நான் செய்தது சரிதானே என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய மூன்று பேருமே 'ரொம்ப சரி' என்று எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர், இந்த மாதிரிப் புத்தகங்களையெல்லாம் கொளுத்த வேண்டும் என்கிறார். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. சமையலை முடித்துவிட்டு, குக்கர் ஆவி அடங்குவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

எழுதிய நாலு பேரில் ஒருவராவது அந்தப் புத்தகத்தைப் படித்தாரா என்று தெரியவில்லை. நான் படித்திருக்கிறேன். 'ட்வைலைட்' என்று பெயர். என் மகளுக்கும் அதே பைத்தியம்தான். முதல் ஐம்பது பக்கம் என் இங்கிலீஷுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அப்புறம் மாதநாவல் மாதிரிதான், துணி காயப்போடக்கூட எழுந்திருக்க மனசு வரவில்லை.

கதை இதுதான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்று ஒரு சின்ன ஊர். எப்போது பார்த்தாலும் மழை. அங்கே போலீஸ் அதிகாரியாக இருக்கும் அப்பாவோடு தங்கிப் படிக்க வருகிறாள் பெல்லா என்கிற பதினேழு வயதுப் பெண். கூடப் படிக்கும் எட்வர்ட் மேல் பிரியம் வைக்கிறாள். அவன் ரத்தக் காட்டேரி! 1901ல் பிறந்து, 1918ல் விஷக் காய்ச்சலில் சாகக் கிடந்தவனை ஒரு காட்டேரி டாக்டர் கடித்துப் பிழைக்க வைத்ததால், அன்றிலிருந்து அவனுக்குப் பதினேழு வயதுதான். "ஏண்டி, இவன் உன் கொள்ளுத் தாத்தா வயசுக்காரன்டி" என்றேன். என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் குடும்பம் மனுஷ ரத்தம் குடிப்பதில்லை, காட்டு மிருகத்தின் ரத்தம்தான் குடிக்கும். அதனால் 'நாங்கள் சைவம்' என்று தங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் மயக்கம் போட்டுவிடுவார்கள்!

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் மட்டுமில்லை. சகோதரி பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. முதல் பாகத்தில், பெல்லா தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் அந்தப் பையன். மூன்றாவது பாகத்தில், தன் சிநேகிதனைப் பார்க்க அவள் போகக்கூடாது என்று அவளுடைய வண்டியின் இன்ஜினில் ஒரு பாகத்தைக் கழற்றி, வண்டியே கிளம்பாமல் செய்துவிடுகிறான். எல்லாம் அவள் மேல் உள்ள பிரியத்தில் என்பது போலக் கதை போகிறது. படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது.

மகளிடமே கேட்டேன். "இவனைப் போயா நல்லவன்னு சொல்றே?"

"அவளுக்கு ஆபத்து வரக்கூடாதுன்னுதானேம்மா செய்யறான்?"

"உங்கப்பா என் செருப்பை ஒளிச்சு வெச்சுட்டு, 'உனக்கு ஆபத்து வரும், நீ உங்கக்கா வீட்டுக்குப் போகாதே'ன்னா நீ ஒத்துப்பியா?"

பதில் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு நாள் கழித்து ராத்திரி, நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். கூடப் படிக்கும் பெண் ஒருத்திக்கு நிச்சயம் ஆகியிருக்கிறதாம். அந்தப் பையன் தினமும் அவள் செல்போனை வாங்கி, யார் யாரோடு பேசினாய் என்று பார்க்கிறானாம். 'என் மேல அவ்வளவு பிரியம்' என்று அந்தப் பெண் பெருமையாகச் சொல்கிறதாம். "அதுவும் வண்டியக் கழட்டினதும் ஒண்ணுதானேம்மா?" என்றாள். கிரைண்டரை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நாங்கள் பேசி முடிக்க மணி பதினொன்றாகிவிட்டது. நானாக ஒரு நாள் உட்கார வைத்து, 'கட்டிக்கப் போறவன் இப்படி இருந்தா ஜாக்கிரதை' என்று உபதேசம் செய்திருந்தால் அந்தப் பெண் காதில் வாங்கியிருக்குமா? பீரோவில் பூட்டி வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது சகோதரி.

நாம் படித்த கதைகள் மட்டும் என்ன யோக்கியம்? தொடர்கதை நாயகன் நாயகியை ஓங்கி அறைவான், அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே 'உரிமை இருப்பதால்தானே அடித்தார்' என்று உருகுவாள். நாமும் சேர்ந்து உருகினோம். படித்ததால் யாரும் கெட்டுப் போய்விடவில்லை. ஆனால் அம்மாவோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து, 'இது என்னடி அநியாயம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கே! நாம்தான் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தோமே.

எழுதியவர் கதை, புத்தகத்தில் வரும் கதையைவிட எனக்குப் பிடித்தது. ஸ்டெஃபெனி மேயர். அரிசோனாவில் மூன்று சின்னப் பையன்களை வைத்துக்கொண்டிருந்த இல்லத்தரசி. 2003 ஜூன் 2ம் தேதி விடிகாலை ஒரு கனவு. புல்வெளியில் ஒரு பெண்ணும் ஒரு காட்டேரியும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். தேதி எப்படி ஞாபகம் இருக்கிறதாம் தெரியுமா? பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு ஆரம்பித்த நாளாம் அது! நாமும் அப்படித்தானே, பெரியவனுக்குத் தடுப்பூசி போட்ட வருஷம், சின்னவள் ஸ்கூலில் சேர்ந்த மாசம் என்றுதானே கணக்கு வைக்கிறோம். கனவு மறந்துபோவதற்குள் எழுதி வைத்தார். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம், அவர்கள் தூங்கியபின் மிச்சம் என்று மூன்றே மாதத்தில் நாவல் முடிந்துவிட்டது. பதினைந்து இடத்துக்குக் கடிதம் போட்டதில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள், ஐந்து பேர் பதிலே போடவில்லை, ஒரே ஒரு இடம் 'அனுப்புங்கள்' என்றது. 2005ல் புத்தகம் வந்தது. நாலு பாகமும் சேர்ந்து பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2020ல் அதே கதையை எட்வர்ட் சொல்வது போல இன்னொரு புத்தகமும் எழுதினார்.

எட்வர்ட் பிறந்ததாகச் சொல்லும் அதே 1901ல்தான் நம் வை.மு.கோதைநாயகி அம்மாளும் பிறந்தார். பள்ளிக்கூடம் போகாதவர், ஆறு வயது முடிவதற்குள் கல்யாணம். முதலில் எழுதிய நாடகத்தை, தான் சொல்லச் சொல்லச் சிநேகிதியை எழுத வைத்தார். 1925லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். அந்த நாவல்களையும் நம் கொள்ளுப் பாட்டிகள் அடுப்படியில்தான் படித்திருப்பார்கள். அப்போதும் யாராவது 'குடும்பப் பெண்ணுக்கு இது எதுக்கு' என்று கேட்டிருக்க மாட்டார்களா?

இதைச் சொல்லும்போது என் அம்மா ஞாபகம் வருகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை ஒவ்வொரு வாரமும் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பைண்டிங் கடையில் கொடுத்து வைத்திருப்பாள். சீர் வரிசையோடு அதில் பன்னிரண்டு புத்தகங்கள் என்னோடு வந்தன. நான் முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தபோது, புகுந்த வீட்டில் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, "கதைப் புஸ்தகம்தானே" என்றார்கள். அதே வீட்டில் ஆண்கள் சேர்த்து வைத்த கிரிக்கெட் வீரர் படங்கள் இன்றும் பரணில் பத்திரமாக இருக்கின்றன. மேட்ச் நடந்தால் ஐந்து நாளும் டீ போட்டுக் கொடுத்தபடி இருக்க வேண்டும், அது ஆர்வம்! நாம் அரை மணி நேரம் புத்தகம் எடுத்தால் 'வேலை வெட்டி இல்லையா'.

புத்தகம் மட்டும் இல்லை. 1985ல் 'பூவே பூச்சூடவா' வந்தபோது எங்கள் தெருப் பெண்களெல்லாம் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று திரிந்தார்கள். எத்தனை வீட்டில் திட்டு! எங்கள் பெரியம்மா பெண் கம்மலைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தார்கள். இன்றைக்கு அந்த அக்கா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அந்தக் கம்மலைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும் முகம் மாறிவிடும். கம்மல் நாலு ரூபாய்தான் இருக்கும்.

எழுதிய சகோதரி என் மேல் கோபப்பட வேண்டாம். பரீட்சை நேரமென்றால் எடுத்து வையுங்கள், நானும் வைத்திருக்கிறேன். ராத்திரி ஒரு மணி வரை விளக்கெரிந்தால் அணைத்துவிட்டுப் போங்கள். மற்ற நாளில் பீரோவைத் திறந்து புத்தகத்தை அவளிடமே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு முறை படித்துவிடுங்கள். இங்கிலீஷ் சிரமமாக இருந்தால், சாயந்திரம் கீரை ஆயும்போது அவளையே கதை சொல்லச் சொல்லுங்கள். வாய் மூடாமல் சொல்வாள் பாருங்கள்.

ஒன்றே ஒன்று. நாலாவது பாகத்தில் ஒரு பிரசவம் வருகிறது. அதை மட்டும் சாப்பிடும் நேரத்தில் கேட்டு வைக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு ரசம் சாதம்கூட இறங்கவில்லை.

— ஒரு வாசகி, தஞ்சாவூர்.